நாளை என்ன ஆகும் என்று தெரியாத நாட்களில்: வடசென்னையில் விசுவாசத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. அந்த 61 நாளும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர் முதல் கூடை தூக்குகிறவர் வரை எல்லார் வீட்டிலும் கை சுருங்கிவிடும். மணலி, எண்ணூர் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கோ, மேஸ்திரி “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டால் அன்றோடு சரி. ஐப்பசி பிறந்தால் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தண்ணீர் எந்த ராத்திரி வாசற்படி ஏறும் என்ற கவலை. இப்படிப்பட்ட காலத்தில்தான் பலர் முதன்முறையாக ஒரு தேவாலயத்தின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். அப்படி வந்தவர்களுக்கும், வரலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும், பிறப்பால் கிறிஸ்தவராக இருந்து பழக்கம் விட்டுப்போனவர்களுக்கும் இது எழுதப்படுகிறது.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்யுங்கள்

விசுவாசத்துக்குள் வந்தால் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால், வேதாகமத்தில் அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை ஒரு முறை வாசியுங்கள். கத்தோலிக்கர் கையில் இருக்கும் திருவிவிலியத்தில் இது திருத்தூதர் பணிகள் 27. இயேசுவைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கப்பலில் போகிறார். கடுங்காற்று அடிக்கிறது. பதினான்கு நாள் சூரியனும் இல்லை, சாப்பாடும் இல்லை. நடுராத்திரியில் கரை நெருங்குகிறது என்று தோன்றி ஆழம் பார்க்கிறார்கள்: 20 பாகம். சற்றுத் தள்ளிப் பார்த்தால் 15 பாகம். பாறையில் மோதிவிடும் என்று பயந்து, பின்பக்கத்தில் நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்கள். விடியும் நேரத்தில் பவுல் எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார். அப்பத்தை எடுத்து, எல்லார் முன்பாகவும் கடவுளுக்கு நன்றி சொல்லி, பிட்டு, தானே முதலில் சாப்பிடுகிறார்.

கடைசியில் கப்பல் உடைந்துபோகிறது. அதில் இருந்த 276 பேரும் கரை சேருகிறார்கள்.

கிறிஸ்தவம் தருகிற மனஉறுதி இந்த வகையைச் சேர்ந்தது. படகு தப்பும் என்று அது உத்தரவாதம் கொடுப்பதில்லை. புயல் நடுவிலும் நங்கூரம் போடவும், பக்கத்தில் இருப்பவரைச் சாப்பிட வைக்கவும், விடியும்வரை காத்திருக்கவும் ஒருவரை அது பழக்குகிறது. அந்தப் பழக்கம் சிறு சிறு ஒழுங்குகளால்தான் வரும், உணர்ச்சிப் பெருக்கால் வராது. கீழே வருகிற படிகள் அத்தனையும் அந்த ஒழுங்குகளைப் பற்றியவைதான்.

நாளுக்குப் பதினைந்து நிமிடம்

இதுதான் அடிப்படை. மற்ற எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

முதலில் வேதாகமம். தமிழில் பரவலாக இருப்பவை இரண்டு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் வாசிக்கப்படுவது ‘பரிசுத்த வேதாகமம்’. அதில் ‘கர்த்தர்’, ‘சங்கீதம்’ என்று வரும். கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படுவது ‘திருவிவிலியம்’. அதில் ‘ஆண்டவர்’, ‘திருப்பாடல்’ என்று வரும். பழைய நடை புரியாமல் தடுமாறுகிறவர்களுக்கு இரண்டாவது எளிது. எந்தச் சபைக்குப் போகப் போகிறீர்களோ அங்கே வாசிப்பதை வாங்கினால் கூட்டத்தில் பின்தொடர வசதி. கைபேசிச் செயலியும் இருக்கிறது, ஆனால் தொடக்கத்தில் புத்தகம் நல்லது. வசனத்தைத் திறந்த கையோடு வாட்ஸ்அப்பும் திறந்துகொள்ளும்.

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்காதீர்கள். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் யாத்திராகமத்தின் பாதியில், ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும் இடத்தில், நிறுத்திவிடுகிறார்கள். மாற்கு எழுதின சுவிசேஷம் மொத்தம் 16 அதிகாரம்தான். நாளுக்கு 20 வசனம் வாசித்தால் ஐந்து வாரத்தில் முடியும். இயேசு என்ன செய்தார், யாரோடு சாப்பிட்டார், யார் மேல் கோபப்பட்டார் என்று நேரடியாகத் தெரிந்துவிடும். அவரைத் தெரியாமல் அவர் மேல் நம்பிக்கை வைப்பது எப்படி?

பதினைந்து நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள், மூச்சு நிதானப்படட்டும். அடுத்த ஐந்து நிமிடம் வாசிப்பு. முடிந்தால் வாய்விட்டு, மெதுவாக. பிறகு ஐந்து நிமிடம் இன்றைய கவலையைப் பெயர் சொல்லி கடவுளிடம் சொல்லுங்கள். “எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மனசு இறங்காது. “வெள்ளிக்கிழமை வாடகை 6,000 கொடுக்கணும், கையில் 2,500 இருக்கு” என்று சொல்லுங்கள். கடைசி மூன்று நிமிடம் மத்தேயு 6இல் இருக்கும் கர்த்தருடைய ஜெபம், வரிக்கு வரி நிறுத்தி. “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்ற இடத்தில் ‘இன்று’ மட்டும்தான் கேட்கிறோம் என்பதைக் கவனியுங்கள். அடுத்த மாதக் கவலையை அடுத்த மாதமே சுமக்கலாம் என்று இயேசு அனுமதி கொடுத்திருக்கிறார்.

ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? மொட்டைமாடி, மாடிப்படி, தண்ணீர் வருவதற்கு முந்தைய அரைமணி நேரம், ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஜன்னலோர சீட், எதுவும் சரிதான். விடியற்காலை கடலுக்குப் போகிறவர் கரை திரும்பி, வலை பிரித்து முடித்தபின் செய்யலாம். நேரமும் இடமும் மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

எங்கே தவறுகிறது என்றும் சொல்லிவிடலாம். முதல் நாள் ஆர்வத்தில் ஆறு அதிகாரம் வாசிப்பவர் பத்தாம் நாள் புத்தகத்தைத் தொடமாட்டார். இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் பாக்கியையும் சேர்த்து வாசிக்கப் பார்ப்பவருக்கு ஒரு வாரத்தில் குற்றவுணர்வு மட்டும் மிஞ்சும். வனாந்தரத்தில் கடவுள் நாள்தோறும் கொடுத்த மன்னா என்ற உணவை ஒரு நாளுக்கு மேல் சேர்த்து வைத்தபோது புழுத்துப்போனது என்று யாத்திராகமம் 16 சொல்கிறது. விட்டதை விட்டுவிட்டு இன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள். இன்னொன்று, கண்ணை மூடி எங்காவது பக்கத்தைத் திறந்து, விரல் வைத்த வசனத்தை இன்றைய பதிலாக எடுத்துக்கொள்ளும் வழக்கம். வேதாகமம் சீட்டுக்கட்டு ஜோசியம் அல்ல. நல்ல வசனம் வந்தால் துள்ளுவதும், நியாயத்தீர்ப்பு வசனம் வந்தால் நடுங்குவதுமாக மனசு முன்பைவிட அதிகம் ஆடும்.

ஜெபம் வராத நாட்களில்

வேலை போன அன்றும், வீட்டில் சாவு விழுந்த வாரத்திலும் வாய் எழும்பாது. அதற்கென்றே சங்கீதங்களில் புலம்பல்கள் இருக்கின்றன. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம், “எதுவரைக்கும்?” என்று நான்கு தடவை கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றுகூடக் கடைசியில் இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், உங்கள் மனசு இருக்கிற நிலையிலேயே கடவுள் முன் நிற்கலாம் என்றுதான் அர்த்தம். மாற்கு 4இல் புயலில் மாட்டிய சீஷர்கள், படகின் பின்புறம் தூங்கிக்கொண்டிருந்த இயேசுவை எழுப்பி, நாங்கள் சாவது உமக்குக் கவலையில்லையா என்று கேட்டார்கள். அது மரியாதையான ஜெபம் இல்லை. ஆனாலும் அவர் எழுந்து காற்றை அதட்டினார்.

சில பகுதிகளை மனப்பாடம் செய்து வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லாத இருட்டில் செயலி உதவாது. 23ஆம் சங்கீதம் ஆறு வசனம், 121 எட்டு வசனம், 46இல் முதல் மூன்று வசனம். வாரத்துக்கு இரண்டு வசனம் என்றால் இரண்டரை மாதத்துக்குள் முடிந்துவிடும். 46ஆம் சங்கீதம் தொடங்குவதே, “தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும், ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணையுமானவர்” என்றுதான். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், தண்ணீர் ஏறும் ராத்திரியில் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து சொல்ல ஏதாவது இருக்கும்.

சபையைத் தேர்ந்தெடுப்பது

தனியாக ஜெபிப்பது மட்டும் போதாது. மனஉறுதி பாதி கடவுளிடமிருந்து நேராக வருகிறது என்றால், மீதிப் பாதி உங்கள் பெயர் தெரிந்த மனிதர்கள் வழியாக வருகிறது.

வடசென்னையில் தேர்ந்தெடுக்க இடங்களுக்குக் குறைவில்லை. ராயபுரத்தில் புனித இராயப்பர் ஆலயம் இருக்கிறது. பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத்தில் பிப்ரவரி 11ஐ ஒட்டித் திருவிழா. பாரிமுனை அர்மேனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தாரும் வருவார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று இதே சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கும், லுத்தரன் திருச்சபைக்கும் பேட்டைக்குப் பேட்டை ஆலயங்கள் உண்டு. தெருவுக்குள், மாடியில், ஷீட் போட்ட கூடத்தில் நடக்கும் சிறு பெந்தெகொஸ்தே சபைகள் எண்ணிக்கையில் அடங்காது.

பெரிய திருத்தலம் மனசை ஆற்றும். ஆனால் அங்கே நீங்கள் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆகவே திருத்தலத்துக்குப் போவதோடு, நடந்து போகும் தூரத்தில் உங்களுக்கென்று ஒரு பங்கோ (கத்தோலிக்கரின் வட்டார ஆலயம்) சபையோ வைத்துக்கொள்ளுங்கள். பஸ் காசு இல்லாத மாதத்திலும் போய்வர முடிய வேண்டும்.

ஒரே இடத்துக்கு நான்கு ஞாயிறு தொடர்ந்து போய்ப் பாருங்கள். முதல் வாரம் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் எழும்போது எழுந்தால் போதும். பெண்கள் முந்தானையோ துப்பட்டாவோ தலையில் போட்டுக்கொள்வது பல சபைகளில் வழக்கம். சில இடங்களில் செருப்பை வெளியே விடுவார்கள். வாசலைப் பார்த்தாலே தெரியும். ஆசீர்வதித்த அப்பத்தைப் பெறும் நற்கருணைக்கு அல்லது திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போகும்போது, ஞானஸ்நானம் பெறாதவர்கள் இருக்கையிலேயே இருங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். காணிக்கைப் பை வரும்போது கையில் இல்லையென்றால் அடுத்தவருக்குக் கடத்திவிடுங்கள். இரண்டாம் வாரம் ஆராதனை முடிந்ததும் உடனே கிளம்பாமல், ஃபாதரிடமோ ஐயரிடமோ (சி.எஸ்.ஐ., லுத்தரன் போதகரை அப்படிக் கூப்பிடுவார்கள்) பாஸ்டரிடமோ பெயர், தெரு, வந்த காரணம் மூன்றையும் சொல்லுங்கள். மூன்றாம் வாரம், உங்கள் தெருவில் கூடும் சிறு குழு எது என்று கேளுங்கள். கத்தோலிக்கரிடம் அதற்கு அன்பியம் என்று பெயர். மற்றவர்களிடம் வீட்டு ஜெபக்கூட்டம். பத்துப் பதினைந்து பேர் ஒரு வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து, வாசித்து, ஜெபித்து, டீ குடித்துப் பிரிவார்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகவும், அரிசி கொண்டுவரவும், வேலை இருக்கும் இடத்தைச் சொல்லவும் வரப்போகிறவர்கள் பெரும்பாலும் இந்த டீ குடிக்கும் கூட்டத்தார்தான். ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள் என்பது எங்கள் கருத்து. இதை ஒப்புக்கொள்ளாத ஊழியர்களும் இருப்பார்கள்.

விலகிப்போக வேண்டிய அடையாளங்களையும் தெரிந்து வையுங்கள். மாத்திரையை நிறுத்து, விசுவாசம் இருந்தால் சுகர் இறங்கும் என்று சொல்கிறவர். கழுத்து நகையைக் காணிக்கையாகக் கேட்கிறவர். ஜெபத்துக்கு ரேட் வைக்கிறவர். சபைக் கணக்கைச் சபைக்குக் காட்டாமல், பணத்தைத் தன் சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறவர். உன் கஷ்டத்துக்கு உன் மாமியார் வைத்த செய்வினை காரணம் என்று குடும்பத்தைப் பிரிக்கிறவர். இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த ஞாயிறு வேறு இடம் பாருங்கள். சபையை விட்டால் சாபம் வரும் என்று மிரட்டினால், விட வேண்டியதற்கு அதுவே போதுமான காரணம்.

கடனும் காணிக்கையும்

நம் பக்கத்தில் மனசின் நிம்மதியைத் தின்பதில் தண்டலுக்கு முதல் இடம். 10,000 என்று பேசி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்க்க 1,000 ரூபாய் வட்டி மாதிரிதான் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கு மேல் வரும். ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கத் தொடங்கினால் காலையில் வண்டிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிக்கும். ஜெபிக்க உட்கார்ந்தாலும் மனசு வாசலில்தான் இருக்கும்.

ஆகவே இதையும் ஆவிக்குரிய காரியமாகவே எடுத்துச் செய்யுங்கள். ஒரு நோட்டில் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று அத்தனை கடனையும் எழுதுங்கள், நகைக்கடையில் அடகு உட்பட. கணவனோ மனைவியோ அறியாத கடன் இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். மறைத்த கடன்தான் அதிகம் அழுத்தும். அதிக வட்டியுள்ளதை முதலில் அடைக்கத் திட்டம் போடுங்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயங்கினால் சபையிலிருந்து இருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.

கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். இருப்பதற்குத் தக்கதாகக் கொடுப்பதே ஏற்கப்படும், இல்லாததற்குத் தக்கதாக அல்ல என்று 2 கொரிந்தியர் 8:12இல் பவுலே எழுதியிருக்கிறார். உதவி கேட்கும்போதும் தெளிவாகக் கேளுங்கள். “எனக்காக ஜெபிங்க” என்றால் ஜெபித்துவிட்டுப் போய்விடுவார்கள். “பையனுக்கு ஃபீஸ் 3,000 பத்தாம் தேதிக்குள்ள கட்டணும்” என்றால் யாராவது வழி யோசிப்பார்கள். பல கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு தேடி வந்து விசாரித்து உதவுகிறார்கள்; மற்றச் சபைகளிலும் ஏழைகள் நிதி என்று ஒன்று இருக்கும். கேட்பதில் வெட்கம் வேண்டாம். நிலைமை தேறினபின் அதே நிதியில் நீங்களும் போடுவீர்கள்.

உடம்பு

1 இராஜாக்கள் 19இல், எலியா என்ற தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறார். கடவுள் உடனே பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டார். தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டு, மறுபடி சாப்பிட வைத்தார். பேச்சு அதற்குப் பிறகுதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, செத்துவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது விசுவாசக் குறைவு அல்ல, மருத்துவம் தேவைப்படும் நிலை. பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள், அரசின் சுகாதார உதவி எண் 104இலும் பேசலாம். வீட்டில் அடி உதை நடந்தால் பெண்களுக்கு 181. பொறுத்துக்கொண்டு ஜெபி என்று மட்டும் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புகிறவரின் ஆலோசனையை ஏற்க வேண்டாம்.

வீட்டில் ஒருவர் குடியில் விழுந்திருந்தால், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் அருகில் எங்கே நடக்கிறது என்று பங்கில் விசாரியுங்கள். காசு வாங்கமாட்டார்கள், மதமும் கேட்கமாட்டார்கள்.

ஞானஸ்நானத்துக்கு அவசரம் வேண்டாம்

ஆலயத்துக்குப் போகவோ ஜெபிக்கவோ வேதம் வாசிக்கவோ ஞானஸ்நானம் தேவையில்லை. கத்தோலிக்கத் திருச்சபை பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் மறைக்கல்வி கொடுத்து, பெரும்பாலும் பாஸ்கா இரவில்தான் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு) திருமுழுக்குக் கொடுக்கும். இந்த வாரம் வந்தாய், அடுத்த வாரம் முழுகு என்று அவசரப்படுத்தும் இடத்தில் நீங்களே வேகத்தைக் குறையுங்கள்.

வீட்டார் ஒப்பவில்லையென்றால் ஒளித்துச் செய்வதும் வேண்டாம், சண்டைக்கு நிற்பதும் வேண்டாம். அம்மா கும்பிடும் சாமி படத்தைக் கழற்றி எறிகிறவர் அந்த வீட்டில் இயேசுவின் பெயரைக் கெடுக்கிறார். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்; வீட்டு வேலையை முன்பைவிட நன்றாகச் செய்யுங்கள்.

எஸ்.சி. சான்றிதழ் உள்ளவர்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டு ஆணையின்படி, பின்வந்த திருத்தங்களோடு சேர்த்து, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே அந்தப் பட்டியலில் வருவார்கள். கிறிஸ்தவராக மாறினவர் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வைக்கப்படுகிறார். பிள்ளையின் கல்லூரி இடம், அரசு வேலை, உள்ளாட்சித் தேர்தலில் தனித்தொகுதி எல்லாவற்றையும் இது தொடும். இது அநியாயம் என்று சபைகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன, உச்ச நீதிமன்றத்திலும் வழக்கு நிற்கிறது. ஆனால் இன்றைய சட்டம் இதுதான். ஞானஸ்நானம் பெற்றுவிட்டுச் சான்றிதழில் மறைக்கலாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பின்னால் சான்றிதழ் ரத்தாகலாம், பொய்யின் மேல் தொடங்கும் விசுவாசம் நாள்தோறும் உறுத்தவும் செய்யும். குடும்பமாக உட்கார்ந்து, விவரம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டு, விலை தெரிந்தே முடிவெடுங்கள்.

முடிவெடுத்து ஞானஸ்நானம் பெற்றால் சான்றிதழை அன்றே கேட்டு வாங்கி, பெயரெழுத்தும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். திருமணத்தின்போது இந்தத் தவறுகள்தான் அலைய வைக்கும். அசலை நெகிழிப் பையில் போட்டு, ரேஷன் அட்டையோடு பரணில் உயரமாக வையுங்கள். பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ அரசு வீடு மாற்றிக் கொடுத்துவிட்டது என்றால், கிளம்புவதற்கு முன் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ ஒரு அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். புது இடத்தில் முதல் ஞாயிறே அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே உங்கள் பிளாக்கில் எந்த வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கிறது என்று கேளுங்கள்.